குழந்தையின் நோயை பத்திரிகைக்கு சொல்லலாமா? போட்டோ கொடுக்கும் முன் பெற்றோர் யோசிக்க வேண்டியவை

சென்னை:

திங்கட்கிழமை காலையில் எந்த மாவட்ட கலெக்டர் அலுவலகத்துக்கு போனாலும் இந்த காட்சியை பார்க்கலாம். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு மனுவோடு வரும் கூட்டத்தில், நோயுற்ற குழந்தையை தோளில் போட்டபடி ஒரு தாய் நிற்பார். கையில் ஸ்கேன் கவர், ரேஷன் கார்டு ஜெராக்ஸ். உடனே கேமராக்கள் அந்த பக்கம் திரும்பும். "பேரு என்னம்மா? எந்த ஊரு? பாப்பாவுக்கு என்ன பண்ணுது?" ஐந்து நிமிடத்தில் பேட்டி முடிந்துவிடும். மாலைக்குள் குழந்தையின் முகம், பெயர், ஊர், நோய் நான்கும் ஊருக்கே தெரிந்துவிடும்.

அந்த ஐந்து நிமிடத்தில் எடுத்த முடிவை பிறகு திரும்ப பெற முடியாது. காகிதத்தில் வந்த செய்தி மறுநாள் பொட்டலம் மடிக்க போய்விட்ட காலம் மலையேறிவிட்டது. இன்று அது இணையதளத்தில் நிற்கிறது, யூடியூப் சேனல்கள் எடுத்துப் போடுகின்றன, வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 3 வயதில் வந்த செய்தி, குழந்தைக்கு 15 வயதாகும்போதும் பெயரை தட்டினால் வந்து நிற்கும்.

அப்படியானால் சொல்லவே கூடாதா? அப்படி இல்லை. பணம் தேவை என்ற செய்தியும், குழந்தையின் முகமும் வேறு வேறு. ஒன்றை கொடுத்துவிட்டு மற்றொன்றை கொடுக்காமல் இருக்கலாம். இது பல பெற்றோருக்கு தெரிவதில்லை. கேட்டவுடன் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறார்கள்.

கோடிகள் குவிந்த கதை

பத்திரிகையும் டி.வி.யும் கைகொடுத்து காப்பாற்றிய குழந்தைகள் உண்டு. 2003 ஜூலையில் லாகூரில் இருந்து டெல்லி பஸ்சில் வந்த பாகிஸ்தான் குழந்தைக்கு பெங்களூரில் இருதய ஆபரேஷன் நடந்ததை பலரும் மறந்திருக்க மாட்டார்கள். நாடு முழுக்க அந்த குழந்தைக்காக பிரார்த்தனை நடந்தது, நன்கொடையும் குவிந்தது.

அடுத்து வந்தது எஸ்.எம்.ஏ. எனப்படும் தண்டுவட தசைநார் சிதைவு நோய். பிறவியிலேயே ஒரு மரபணு குறைபாட்டால் தசைகள் பலம் இழந்துகொண்டே போகும். கடுமையான வகையில் 6 மாதம் ஆவதற்குள் அறிகுறி தெரிந்துவிடும். தலை நிற்காது, நாளடைவில் மூச்சு விடுவதே சிரமமாகும். இதற்கான சோல்ஜென்ஸ்மா ஊசிக்கு 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. விலை இந்திய மதிப்பில் சுமார் ரூ.16 கோடி. அங்கு கிடைத்த அனுமதி 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத்தான். அதாவது காலக்கெடு வைத்து பணம் திரட்ட வேண்டும். அந்த பெற்றோர் கேமரா முன்னால் வராமல் வேறு என்ன செய்வார்கள்?

2021-ல் மும்பை குழந்தை ஒன்றுக்கு இந்த ஊசியை வரவழைக்க சுமார் ரூ.6 கோடி இறக்குமதி வரியை மத்திய அரசு தள்ளுபடி செய்தது. அதற்கு முக்கிய காரணம் செய்தி பரவியதுதான். அதே ஆண்டு கேரளாவில் ஒரு குழந்தைக்கு ரூ.18 கோடி கேட்டு வேண்டுகோள் விடப்பட்டது. சில நாட்களில் ரூ.46 கோடிக்கு மேல் வந்து, "போதும், இனி அனுப்பாதீர்கள்" என்று சொல்லும் நிலை ஏற்பட்டது.

மறுபக்கமும் உண்டு. அதே கேரளாவில் அதே 2021-ல் இன்னொரு குழந்தைக்காக கோடிக்கணக்கில் பணம் சேர்ந்தும், ஊசி போடும் முன்பே குழந்தை இறந்துபோனது. சேர்ந்த பணத்தை என்ன செய்வது என்ற கேள்வி ஐகோர்ட்டு வரை போனது. பிள்ளையை பறிகொடுத்த வீட்டில் கணக்கு வழக்கும் சேர்ந்துகொண்டது.

முதலில் பார்க்க வேண்டிய கதவு

எல்லா நோயும் ரூ.16 கோடி நோய் அல்ல. பத்திரிகைக்கு வரும் பல குழந்தைகளின் சிகிச்சை, அரசு திட்டத்திலேயே இலவசமாக கிடைக்கக்கூடியது. இதுதான் வேதனையான விஷயம்.

முதல்-அமைச்சரின் விரிவான மருத்துவ காப்பீட்டு திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சை பெறலாம். ரூ.72 ஆயிரமாக இருந்த ஆண்டு வருமான உச்சவரம்பு 2022-ல் ரூ.1 லட்சத்து 20 ஆயிரமாக உயர்த்தப்பட்டது. காது கேளாத குழந்தைகளுக்கு 6 வயதுக்குள் செய்யப்படும் காக்ளியர் கருவி பொருத்தும் ஆபரேஷனும் இதில் அடக்கம். பல லட்சம் செலவாகும் ஆபரேஷன் அது. பிறவி இருதய கோளாறு உள்ள குழந்தைகளுக்கு, அங்கன்வாடி, பள்ளிகளுக்கு வரும் மருத்துவ பரிசோதனை குழு மூலமாகவே இலவச ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்ய வழி இருக்கிறது.

அபூர்வ நோய்களுக்கு 2021-ல் தேசிய கொள்கை வந்தது. அதன்படி அங்கீகரிக்கப்பட்ட உயர் சிகிச்சை மையங்கள் மூலம் ரூ.50 லட்சம் வரை உதவி தரலாம் என்று 2022-ல் திருத்தம் செய்யப்பட்டது. பெங்களூர் இந்திரா காந்தி குழந்தைகள் ஆஸ்பத்திரி அப்படி ஒரு மையம். பட்டியலில் உள்ள அபூர்வ நோய்களுக்கு சொந்த உபயோகத்துக்காக வரவழைக்கும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் சுங்க வரி விலக்கும் உண்டு. அதற்கு மாவட்ட அளவிலான அரசு மருத்துவ அதிகாரியிடம் சான்றிதழ் வாங்கினாலே போதும். வரிக்காக யாரும் டி.வி. முன்னால் அழ வேண்டியதில்லை.

விசாரிக்க ஒரு போன் கால்தான் செலவு. 104-ல் கேட்கலாம். "காப்பீட்டுல வராதுன்னு சொல்லிட்டாங்க" என்று யாரோ வராந்தாவில் சொன்னதை நம்பி பத்திரிகை ஆபீசுக்கு கிளம்பிவிடக்கூடாது. வராது என்றால் அதை எழுத்தில் வாங்க வேண்டும். அந்த கடிதம் இருந்தால் செய்தி போடும் நிருபருக்கும் நம்பிக்கை வரும்.

குழந்தையோடு நிற்காத ரகசியம்

எஸ்.எம்.ஏ. போன்ற நோய்களில் அப்பா, அம்மா இருவரிடமும் அந்த மரபணு குறை மறைந்திருக்கும். அவர்களுக்கு எந்த தொந்தரவும் இருக்காது. ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நோயோடு குழந்தை பிறக்க 4-ல் 1 பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு குழந்தையின் நோயை பெயரோடு வெளியிட்டால், அக்காவின் கதையும் சித்தப்பா வீட்டு கதையும் சேர்ந்தே வெளியாகிறது. "அவங்க வீட்ல பரம்பரை வியாதியாம்" என்ற பேச்சு 20 வருடம் கழித்து கல்யாண வயதில் வந்து நிற்கும். விஞ்ஞானம் அப்படி சொல்லவில்லை என்றாலும் ஊர் வாய் கேட்காது. வலிப்பு நோய்க்கும் இதே கதிதான்.

பிரபலங்களும் இதில் தப்பவில்லை. பிரிட்டனில் அப்போது நிதி மந்திரியாக இருந்த கார்டன் பிரவுனின் 4 மாத ஆண் குழந்தைக்கு நுரையீரலை பாதிக்கும் சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் இருப்பதை, 2006 நவம்பரில் சன் பத்திரிகை வெளியிட்டது. நாங்கள் சம்மதிக்கவில்லை என்று பிரவுன் 2012-ல் விசாரணை கமிஷனில் சொன்னார். பெற்றோர் ஒப்புக்கொண்டார்கள் என்றது பத்திரிகை தரப்பு. ஊழியர் ஒருவர் வெளியே பேசியிருக்க அதிக வாய்ப்பு உண்டு என்று ஒப்புக்கொண்டு அந்த பகுதி அரசு சுகாதார நிர்வாகம் மன்னிப்பு கேட்டது. நாட்டின் நிதி மந்திரி வீட்டு ரகசியத்துக்கே அந்த கதி.

இந்தி நடிகர் இம்ரான் ஹாஷ்மி விஷயம் வேறு மாதிரி. மகனுக்கு சிறுநீரகத்தில் புற்றுநோய் இருப்பது 2014-ல் தெரிந்ததும் அவரே வெளியே சொன்னார். 2016-ல் புத்தகமும் எழுதினார். பயந்து போயிருந்த பல பெற்றோருக்கு அது தெம்பு கொடுத்தது. ஒருவர் தானாக சொன்னார், இன்னொருவர் விஷயத்தில் மற்றவர்கள் சொன்னார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். ஆனாலும் இரண்டிலும் குழந்தையை யாரும் கேட்கவில்லை. கேட்கும் வயதும் அதற்கு இல்லை.

கேட்கும் வயது இருந்தால் கேட்டே ஆக வேண்டும். 7, 8 வயது பிள்ளைக்கு "என் போட்டோ போடாதீங்க" என்று சொல்ல தெரியும். தலைமுடி கொட்டிய படத்தை ஸ்கூலில் நாலு பேர் பார்த்து கேலி செய்தால் என்ன ஆகும் என்பது பெற்றோரை விட அதற்குத்தான் நன்றாக தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது?

காப்பகங்களில் இருக்கும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் பெயர், படம், முகவரியை வெளியிட இளம் சிறார் நீதி சட்டம் (2015) 74-வது பிரிவு தடை விதிக்கிறது. மீறினால் 6 மாதம் வரை ஜெயில் அல்லது ரூ.2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். எச்.ஐ.வி. பாதிப்பை சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக்கூடாது என்கிறது 2017-ம் ஆண்டு சட்டம். மனநல சிகிச்சை பெறுபவரின் படத்தை சம்மதம் இன்றி பத்திரிகைகளுக்கு கொடுக்க மனநல பாதுகாப்பு சட்டமும் தடை போடுகிறது. மற்றபடி பெற்றோரோடு வாழும் குழந்தையின் இருதய நோய், புற்றுநோய் செய்தி பெரும்பாலும் பெற்றோரின் முடிவுதான். அதனால்தான் அந்த முடிவு கனமானது.

எதை கொடுப்பது, எதை விடுவது?

நிருபரிடம் பேசும் முன்பே சொல்லிவிட வேண்டும். "முகம் தெரியாம எடுங்க சார், பேரை மாத்தி போடுங்க" என்றால் பெரும்பாலான நிருபர்கள் கேட்பார்கள். பேட்டி முடிந்து, செய்தி அச்சுக்கு போன பிறகு சொன்னால் அவர் கையிலும் எதுவும் இல்லை. குழந்தையின் பிஞ்சு கையை தாய் பிடித்திருக்கும் படம் போதும். ஊர் பெயருக்கு பதில் மாவட்டம் போதும். ஸ்கூல் பெயர் எதற்கு?

ஒன்றை மறைக்கக்கூடாது. முகம் இல்லாத செய்திக்கு பணம் குறைவாகத்தான் வரும். ஜனங்கள் முகத்தை பார்த்துத்தான் இரக்கப்படுகிறார்கள். திட்டம் எதிலும் வராத சிகிச்சை, நாட்களும் குறைவு என்றால், முகத்தை காட்டிய பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது. உயிர்தான் பெரிது. அப்போதும் சட்டை போட்டு, முடி சீவி, சிரிக்கும்போது எடுத்த படத்தை கொடுக்கலாம். மூக்கில் டியூப், வெற்று உடம்பு, கதறும் கோலம் இவை வேண்டியதில்லை. அந்த படத்தைத்தான் குழந்தை வளர்ந்து பார்க்கப்போகிறது.

பண விஷயத்தில் ஆஸ்பத்திரியின் எஸ்டிமேட் கடிதத்தை காட்டி, முடிந்தால் ஆஸ்பத்திரி கணக்குக்கே பணம் போகும்படி செய்வது நல்லது. குழந்தையின் படத்தை அப்படியே எடுத்து, கீழே தங்கள் கியூ.ஆர். கோடை ஒட்டி வசூல் பண்ணும் கும்பல்கள் இருக்கின்றன. அப்படி தெரிந்தால் 1930-க்கு போன் செய்து சைபர் கிரைமில் புகார் செய்ய வேண்டும். "நான் டி.வி.யில வர வைக்கிறேன், வர்ற பணத்துல எனக்கு இவ்வளவு" என்று வரும் புரோக்கர்களை வாசலிலேயே அனுப்பிவிட வேண்டும்.

செல்போன் நம்பரை கொடுக்கும்போதும் யோசனை தேவை. தாயின் நம்பரை கொடுத்தால் ராத்திரி 12 மணிக்கும் மணி அடிக்கும். உதவி செய்பவர்கள் பத்து பேர் என்றால், வேப்பிலை வைத்தியம் சொல்பவர்களும் ஜாதகம் கேட்பவர்களும் இருபது பேர். சொந்தத்தில் விவரமான ஒருவரின் பெயரில் தனி சிம் வாங்கி அந்த நம்பரை கொடுக்கலாம். வேலை முடிந்ததும் அதை நிறுத்திவிட வசதியாக இருக்கும்.

நிறுத்தவும் வேண்டும். சிகிச்சை முடிந்தாலும், பணம் சேர்ந்துவிட்டாலும், நடக்கக்கூடாதது நடந்துவிட்டாலும், "கணக்கை மூடிவிட்டோம்" என்று அதே நிருபரிடம் சொல்லி இரண்டு வரி போடச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் பழைய வேண்டுகோள் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். குழந்தை இறந்து இரண்டு வருடம் கழித்தும், முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்து, "பாப்பா இப்ப எப்படிம்மா இருக்கா?" என்று கேட்பார்.