முதலில் காது, பிறகு எழுத்து

சென்னையின் பேசின் பிரிட்ஜ் ரயில் நிலையத்தைச் சுற்றி வளரும் குழந்தைக்கு ஆங்கிலச் சொற்கள் புதிதல்ல. ட்ரெயின், சிக்னல், கரன்ட், லாரி எல்லாம் பள்ளிக்கு வரும் முன்பே அதன் வாயில் புழங்குகின்றன. வகுப்பில் ஆங்கிலப் பாடம் தொடங்கியதும் அதே குழந்தை வாயடைத்து நிற்கிறது. பேச்சுக்குப் பதிலாக 26 எழுத்துகளை அதன் முன் வைப்பதே காரணம்.

தமிழில் ‘ம’ என்ற எழுத்தின் பெயரும் ஒலியும் ஒன்றே. ஆங்கிலத்தில் ‘சி’ என்று சொல்லிக்கொடுத்த எழுத்தைப் பூனையைக் குறிக்கும் ‘கேட்’ என்ற சொல்லில் ககரமாகப் படிக்க வேண்டும். 26 எழுத்துகள் ஏறத்தாழ 44 ஒலிகளைச் சுமக்கின்றன. பேசின் பிரிட்ஜ் என்ற பெயரின் இரு சொற்களும் தொண்டை அதிரும் பகரத்தில் தொடங்குபவை; தமிழ் எழுத்தில் அந்த அதிர்வு தெரியாது. காதால் கேட்டுத்தான் பிடிக்க முடியும்.

அதனால் மழலையருக்கு ஆங்கிலம் கற்பிக்க வருபவர் முதலில் பழக வேண்டியது, குறைவாக, தெளிவாக, திரும்பத் திரும்பப் பேசுவது. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வகுத்த முறை இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. ‘ஸ்டாண்ட் அப்’, ‘டச் யுவர் நோஸ்’ என்று ஆசிரியர் சொல்லிக்கொண்டே செய்து காட்டுவார், குழந்தைகளும் செய்வார்கள். அவர்கள் பதில் பேச வேண்டியதில்லை. வாரக்கணக்கில் பேசாமல் இருந்தாலும் உள்ளே மொழி சேர்ந்துகொண்டுதான் இருக்கும். ஒரு நாள் குழந்தை ‘இஸ்கூல்’ என்று வாய் திறந்தால், ‘யெஸ், ஸ்கூல்!’ என்று மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு மேலே போக வேண்டும். திருத்தம் அவ்வளவு போதும். ஆங்கிலத்தில் கதை சொல்லும்போது புரியாமல் விழித்தால் தமிழில் சொல்லலாம், தயங்கவே வேண்டாம்.

இப்படிச் செய்து கற்பதில் இந்த ஊருக்கு முன் அனுபவம் உண்டு. எம்.பி.விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்த 2003இல், சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. பிள்ளைகள் தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளைக் கொண்டு படித்தார்கள். 2022 ஜூன் 13 அன்று பக்கத்துத் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம், தமிழ், கணிதத்தோடு ஆங்கிலத்தையும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறது. பாட்டும் பொம்மலாட்டமும் ஆசிரியர் பயிற்சிக்குள் வந்தன.

இடறல் வேறிடத்தில். 2019 ஜனவரியில் 2,381 அங்கன்வாடிகளில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியபோது, உபரி இடைநிலை ஆசிரியர்களே அங்கே அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பெற்ற பயிற்சியோ தொடக்க வகுப்புகளுக்கானது. ஆசிரியர் தகுதித் தேர்வின் முதல் தாளில் 150 கேள்விகளில் 30 ஆங்கிலம். எல்லாமே விடையைத் தேர்ந்தெடுத்துக் குறிப்பவை. ஆசிரியரின் குரலை யாரும் கேட்பதில்லை. வட்டார வளமையப் பயிற்சியில், ஆசிரியர்கள் இருவர் இருவராக வகுப்பறை ஆங்கிலத்தை வாய்விட்டுப் பேசிப் பழக நேரம் ஒதுக்கியே ஆக வேண்டும் என்பேன்.

பெற்றோரிடமும் பேச வேண்டும். நோட்டு நிறைந்தால்தான் இங்கிலீஷ் வருகிறது என்று நம்புகிறார்கள். நான்கு வயது விரல்களோ இன்னும் பென்சிலுக்கே பழகவில்லை. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நோட்டை நீட்டுவதற்கு முன், பிள்ளைகளை ஒரு பாட்டுப் பாடி ஆடச் சொல்லலாம்.