வாக்குவம் கிளீனரும் வாலாட்டும் மணியும்

வீடெல்லாம் பெருக்கி முடித்து, ‘அப்பாடா’ என்று ஒரு வாய் காபி குடிக்க உட்கார்ந்தால், டம்ளர் விளிம்பில் ஒரு வெள்ளை முடி! நாயோ பூனையோ வளர்க்கும் வீட்டுச் சகோதரிகளுக்கு இது புதிதல்ல. எங்கள் வீட்டு மணி பொமரேனியன் ஜாதி. முடி உதிர ஆரம்பித்தால் சோபாவில், தலையணையில், அவருடைய கறுப்பு பேண்ட்டில், எங்கும் மணிதான்.

துடைப்பத்தால் பெருக்கினால் பாதி முறத்துக்கு வரும். மீதி ஃபேன் காற்றில் பறந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். அதற்காகவே தீபாவளி போனஸில் ஒரு வாக்குவம் கிளீனர் வாங்கினோம். முதல் நாள் அது முடியை இழுத்த இழுப்பை வீடே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. எல்லாம் எட்டு மாதம்தான். பிறகு இழுவை குறைந்தது. ஒரு மாதிரி சூட்டு வாடை வந்தது. பத்து நிமிஷம் ஓடினால் தானாக நின்றுவிடும். “இத்தனை பணத்தைக் கொட்டி இந்தத் தண்டத்தை வாங்கணுமா?” என்று அவர் முணுமுணுத்தார்.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று வந்து சேர்ந்தது. ஏழு வயதுச் சின்னவளுக்கு இரவில் இளைப்பு. அதிலும் நான் மிஷின் போடும் நாட்களில்தான் அதிகம்! சுத்தம் செய்தால் குறையத்தானே வேண்டும்? மாமியார் ஒரு நாள் கேட்டே விட்டார்: “ஏம்மா, உனக்கு நாய் வேணுமா, பிள்ளை வேணுமா?” எனக்கு வாய் வரவில்லை. சின்னவள் மணியைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை இருக்கிறதே!

முதலில் மெக்கானிக் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து மிஷினைப் பிரித்தவர் சிரித்தார். “மிஷின்ல ஒரு கோளாறும் இல்லம்மா. மூச்சு விட முடியாம தவிக்குது, அவ்வளவுதான்.”

தூசிப் பை முட்ட முட்ட நிறைந்திருந்தது. அடியில் சுழலும் பிரஷ்ஷில் மணியின் முடியோடு என் தலைமுடியும் நூல்கண்டு மாதிரி சுற்றியிருந்தது. ஃபில்டரில் வெள்ளையாக ஒரு படலம். வாசல் கோலப்பொடியையும் பூஜை அலமாரி விபூதியையும் நான்தானே மிஷினால் இழுத்தேன்! “முடியைவிட இந்தப் பொடிதாம்மா இதுக்கு எமன்” என்றார் அவர். பெரும்பாலான மிஷின்களில் உள்ளே இழுக்கப்படும் காற்றேதான் மோட்டாரையும் குளிர வைக்கிறது. காற்று அடைபட்டால் மோட்டார் கொதிக்கும். எரிந்துவிடாமல் இருக்கத்தான் தானாக நிற்கிறது. பின்பக்கம் காற்று வெளியேறும் இடத்து ஃபில்டரை நான் கழுவிவிட்டுக் கோணலாக மாட்டியிருந்தேன். அந்த இடுக்கு வழியே நுண்ணிய தூசியெல்லாம் அறைக்கே திரும்பி வந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து சின்னவள் படம் வரைந்துகொண்டிருப்பாள்!

டாக்டரிடம் இதையெல்லாம் சொன்னேன். ஒவ்வாமைக்குக் காரணம் முடி அல்ல என்றார். பிராணியின் எச்சிலிலும், உதிரும் தோல் செதிலிலும் உள்ள புரதம்தான் காரணம். அது முடியில் ஒட்டிக்கொண்டு வீடெங்கும் போகிறது, காற்றில் மிதக்கிறது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். மணி படுக்கையறைப் பக்கமே வரக்கூடாது என்றார். “அப்படியும் அடங்கலைன்னா நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்துதான் ஆகணும்” என்பதையும் ஒளிக்காமல் சொன்னார்.

அன்று முதல் எங்கள் வீட்டுச் சட்டங்கள் இவை:

மணிக்குத் தினமும் வெளியில் வைத்துத்தான் சீப்பு. சீப்பில் வரும் முடி வீட்டுக்குள் விழாத முடி! இளைப்பு உள்ள பிள்ளை கையில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது. பொமரேனியனுக்கு வெயில் என்று மொட்டையடிக்காதீர்கள். அந்த இரட்டை முடிதான் அதன் தோலுக்குக் காப்பு. முடி திட்டுத் திட்டாகக் கொட்டினால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரையாக இருந்தால் குழந்தைகளுக்கும் தொற்றும்.

சோபாவுக்கு ரப்பர் கையுறை போதும். லேசாக ஈரமாக்கி ஒரே பக்கமாகத் தடவினால் முடி உருண்டு வரும். துணிகளை உதறிவிட்டு வாஷிங் மிஷினில் போடுங்கள். மணியின் விரிப்புக்கு வாரம் ஒருமுறை வெந்நீர்த் துவைப்பு. மிஷின் போட்ட பிறகு ஈரத்துணியால் தரையைத் துடையுங்கள். சின்னவளை அந்த நேரம் மாடிக்கு அனுப்பிவிடுகிறேன்.

மிஷினுக்கு: முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். பை முக்கால் நிறைந்ததும் மாற்றுங்கள். பிரஷ்ஷில் சுற்றிய முடியை வாரம் ஒருமுறை கத்தரியால் வெட்டி எடுங்கள். கழுவக்கூடிய ஃபில்டரைக் கழுவினால் ஒரு நாள் முழுக்க நிழலில் காயட்டும், ஈரத்தோடு மாட்டாதீர்கள். கோலப்பொடி, விபூதி, சாம்பலுக்குத் துடைப்பமே போதும். சில வருஷம் உழைத்த மிஷினில் தீப்பொறி தெரிந்தால் ‘மோட்டார் போச்சு’ என்று மலைக்காதீர்கள். கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் மாற்றினாலே ஓடும்.

புதிதாக வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்க்காமல் மூன்று கேள்வி கேளுங்கள். பையும் ஃபில்டரும் உங்கள் ஊரிலேயே கிடைக்குமா? பிரஷ் கையால் கழன்று வருமா? வயர் இல்லாத மிஷின் என்றால், பேட்டரியை மட்டும் மாற்ற முடியுமா? பேட்டரி நாளாவட்டத்தில் சக்தி குறையும் பொருள். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் ‘ஹெப்பா’ ஃபில்டர் நல்லது. 0.3 மைக்ரான் அளவுத் துகளில் கூட 99.97 சதவீதத்தைப் பிடித்துவிடும்.

ஒரு வேடிக்கை தெரியுமா? அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தில் ஒரு கடையில் பெருக்கும் வேலை பார்த்த ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்ளருக்கு, தூசியால் தாங்க முடியாத இளைப்பு. மின்விசிறி மோட்டார், துடைப்பக் கம்பு, தலையணை உறை ஆகியவற்றைச் சேர்த்து அவர் செய்த மிஷினுக்கு 1908-ல் காப்புரிமை கிடைத்தது. இளைப்புக்காரர் ஒருவர் தமக்காகச் செய்துகொண்ட சாதனம். அதை வைத்துக்கொண்டே என் பெண்ணுக்கு இளைப்பை நான் கூட்டிவிட்டேன், பாருங்கள்!

ஆறு மாதமாகிறது. மருந்தும் சுத்தமும் சேர்ந்து சின்னவள் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறாள். மணி கூடத்து வாசற்படியோடு சரி. நேற்று மாமியார் அதற்குத் தயிர் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். “நாய் வேணுமா, பிள்ளை வேணுமா?” என்று நானும் கேட்கவில்லை, அவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை!