வீட்டில் ஒரு சிறு கடல்நீர்த் தொட்டி

தாமிரபரணி புன்னைக்காயலில் கடலோடு கலக்கின்றது. அக்கடலின் மீன்களை வீட்டில் வளர்த்துப் பார்க்க விரும்பும் விவசாயிகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் அவசியமில்லை. 40 லிட்டர் ஜலம் கொள்ளும் கண்ணாடித் தொட்டியே போதுமானது.

முகத்துவாரத்தில் ஆற்று வெள்ளத்தால் உப்பு குறைந்துவிடும். ஆகையால் அதனின்று விலகிய கடலில் ஜலம் எடுத்துத் துணியில் வடிகட்டுதல் வேண்டும்.

துளையிட்ட பிளாஸ்டிக் குழாயைத் தொட்டியின் அடியில் கிடத்தி, அதனுடன் இணைந்த மற்றொரு குழாயை நீர்மட்டம் வரை நிறுத்துக. அடியில் 2 அங்குலக் கனம் கழுவிய சிப்பித் துண்டுகளைப் பரப்புக. நிற்கும் குழாயினுள் சிறு காற்றுப் பம்பின் குழலை இறக்கினால், குமிழிகளோடு நீரும் மேலேறும். தொட்டி நீர் சிப்பிகளினூடே வடிந்து சுற்றிவரும். அங்கு தங்கும் நுண்ணுயிர்கள் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும். எருவிட்ட நிலத்தில் நடப்பதும் இதுவே. அவை பெருகச் சுமார் 6 வாரங்கள் ஆகும். அதுவரை மீன் விடலாகாது. சிறிது தீனி மட்டும் இட்டு வருக.

தொட்டி சிறிதாயின் கெடுதலும் விரைவு. நீர்மட்டத்தைக் கண்ணாடியில் கோடிட்டு வைத்து, ஆவியாகிக் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீரையே ஊற்றுக. கடல்நீர் ஊற்றினால் உப்பு மிகுந்து மீன்கள் மடியும்.

பவளத்தைக் கடலினின்று எடுக்கலாகாது. கற்பவளங்கள் 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் உள்ளன. தூத்துக்குடிக் கடலில் சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதும் ஒரு காரணமாக, விலாங்குசல்லித் தீவு நீரில் மூழ்கியது. உடைந்த பானை ஓடுகளை அடுக்கினால் அதுவே பாறைத்திட்டாகும். பொரிப்பகத்தில் வளர்ந்த கோமாளி மீன் ஒரு ஜோடி அதில் சுகமாக வாழும். கடலோரக் கிராம அதிகாரிகள் இதனை மக்களுக்கு எடுத்துரைத்தல் நலம்.