குரல் பழகு – 9: பாவலர் வைத்த மூச்சு

போன வாரம் தோளைத் தூக்காமல் விலா விரிய மூச்சு எடுப்பதைப் பார்த்தோம். பழகியிருப்பீர்கள். இந்த வாரம் கள்ளக்குரல், அதாவது இயல்புக் குரலுக்கு மேலே மெல்லிதாக எட்டிப் பாடுவது, என்று சொல்லியிருந்தேன். ஆனால் நாலைந்து நாளாக ஒரு பெயர் என்னை விட மாட்டேன் என்கிறது.

இளையராஜா பாட்டு பாடும் மெல்லிசைக் குழுவில் சேரப் போனால், 'மண்ணில் இந்தக் காதலன்றி' பாடச் சொல்லித்தான் ஆளை எடை போடுவார்கள். 1990-இல் வந்த 'கேளடி கண்மணி' படத்துப் பாட்டு. சரணத்தை எஸ்.பி.பி. மூச்சு விடாமல் பாடினார் என்று இன்றும் பேச்சு. ஒரே மூச்சில் பாடியதில்லை என்று அவரே பின்னாளில் சொல்லிவிட்டார். அதை எழுதியவர் யார்? இளையராஜாவின் அண்ணன் பாவலர் வரதராஜன்! போடியிலிருந்து தேவாரம் தாண்டினால் வருகிற பண்ணைப்புரத்துக்காரர். படம் வந்தபோது அவர் மறைந்து பல வருடம் ஆகியிருந்தது.

அவர் மேடைப் பாட்டுக்காரர். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல், கேரளத்தில் இ.எம்.எஸ். தலைமையில் கம்யூனிஸ்ட் ஆட்சி. கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ். தேயிலைத் தோட்டங்களில் இருந்ததெல்லாம் தமிழ்த் தொழிலாளிகள். மலையாளத்தில் பேசினால் எடுபடாது. பாவலர் மலையேறிப் போய்த் தமிழில் பாடினார். ரோசம்மா ஜெயித்தார். பகலெல்லாம் கொழுந்து கிள்ளி ஓய்ந்து வந்தவர்களை உட்கார வைத்துக் கேட்கச் செய்த குரல் அது. அப்படிப் பாடிப் பழகியவருக்கு எந்தச் சொல் காற்றைத் தின்னும், எது மிச்சம் பிடிக்கும் என்று வாய்க்கே தெரிந்திருக்கும் என்பது என் கட்சி.

'காதல்' என்று சொல்லிப் பாருங்கள். 'கா'வுக்கு முன் நாக்கின் அடி மேலண்ணத்தில் ஒட்டுகிறது. அந்தக் கணம் காற்று வெளியே போவதில்லை. வல்லினம் பெரும்பாலும் இப்படி ஒரு சிறு அடைப்பு. அதை அழுத்தமாகச் சொன்னால் காற்று மிஞ்சும். நம்மில் பலர் உருக்கம் என்று நினைத்து உயிரெழுத்தில் காற்றைக் கலந்து விடுகிறோம். குரல்நாண் சரியாக மூடாமல் காற்று கசிந்து, பாதி வரியிலேயே தீர்ந்துவிடுகிறது.

காற்றை மிச்சம் பிடிப்பது ஒரு பக்கம்; அதை எடுக்க வயிற்றுக்கு இடமும் வேண்டும். அதைப் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு ஏலத் தோட்டத்தில் கண்ணால் பார்த்தேன். ஏலக்காய்ச் சரம் செடியின் தூரிலிருந்து கிளம்பித் தரையோடு கிடக்கும். குந்தி உட்கார்ந்துதான் காய் எடுக்க வேண்டும். விடிகாலை ஜீப்பில் மலையேறி வந்த ஒரு அக்கா பாடிக்கொண்டே எடுத்தார். வயிறு மடங்கியிருக்கிற வரைக்கும் வரிகள் துண்டு துண்டாக வந்தன. அடுத்த தூருக்கு எழுந்து நடந்தபோது அதே பாட்டு நீண்டு வந்தது.

"என்னக்கா, நின்னா நல்லா வருது?" என்றேன்.

"குந்திக்கிட்டுப் பாடுனா மூச்சு முட்டுதுல்ல தம்பி!"

நாற்காலியில் சரிந்து உட்கார்ந்து பயிற்சி செய்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள். முதலில் 'ஸ்ஸ்' என்று சீராகக் காற்றை விடுங்கள். பிறகு அதே அளவுக் காற்றில் வல்லினங்களை அழுத்தி ஒரு சரணம். தலை சுற்றினால் நிறுத்திவிடுங்கள்.

கள்ளக்குரலுக்கு இடமில்லாமல் போயிற்று. பாவலர் மேடையில் தம்பி ராசையா, அதாவது பின்னாளில் இளையராஜா ஆனவர், சிறுவயதில் பெண் குரலில் பாடியவர். குரல் உடைந்ததும் அது நின்றது. குரல்நாண் நீண்டு தடிக்கும்போது ஆண்பிள்ளைக்குச் சுருதி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இறங்கிய குரலை வைத்துக்கொண்டு மேலே எப்படி எட்டுவது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)