புகார் போய்ச் சேரும் வழி

தமிழ்நாட்டில் மாணவர் பாதுகாப்புக்கென்று உள்ள முக்கியமான இரண்டு சட்டங்களும் மாணவர்கள் உயிரிழந்த பிறகு வந்தவை. 1996 நவம்பரில், சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துவந்த நாவரசு, ராகிங்கின்போது மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவரின் மகன். அடுத்த ஆண்டே ராகிங் தடைச் சட்டம் வந்துவிட்டது. நீதி வரத்தான் காலம் பிடித்தது. கீழமை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2011 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது.

1997ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி ராகிங் செய்தவருக்கு இரண்டாண்டு வரை சிறையும் 10,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. தண்டனை பெற்றவரைக் கல்லூரியிலிருந்து நீக்க வேண்டும். வேறு கல்லூரியும் சேர்க்கக் கூடாது. பலருக்கும் தெரியாத பகுதி ஒன்று இதில் இருக்கிறது. புகார் வந்ததும் முதல்வர் உடனே விசாரிக்க வேண்டும். முகாந்திரம் இருந்தால் அந்த மாணவரை இடைநீக்கம் செய்ய வேண்டும். செய்யாமல் விட்டால், முதல்வரே குற்றத்துக்கு உடந்தையாக இருந்தவராகக் கருதப்படுவார். ‘சின்னப் பசங்க விளையாட்டு’ என்று சொல்லி ஒரு கல்லூரி புகாரைத் தள்ளிவிட முடியாதபடி சட்டம் அப்போதே கதவை அடைத்திருக்கிறது.

நாடு முழுவதற்குமான விதிகள் பின்னால் வந்தன. தமிழ்நாட்டுக் காவல் பணியிலிருந்து சி.பி.ஐ. இயக்குநராக உயர்ந்த ஆர்.கே. ராகவன் தலைமையிலான குழு, உச்ச நீதிமன்றம் சொன்னதன்பேரில் ராகிங் பிரச்சினையை ஆராய்ந்து 2007இல் அறிக்கை தந்தது. 2009இல் இமாச்சலப் பிரதேசத்தில் மருத்துவ மாணவர் ஒருவர் ராகிங்கில் இறந்ததும், பல்கலைக்கழக மானியக் குழு கட்டாய விதிமுறைகளை வெளியிட்டது. மாணவரும் பெற்றோரும் ஆண்டுதோறும் எழுதித் தரும் உறுதிமொழியும், 1800-180-5522 என்ற 24 மணி நேர உதவி எண்ணும் அப்படி வந்தவைதான்.

இரண்டாவது சட்டம் சாலையில் பிறந்தது. 1998 ஜூலையில் சென்னை எத்திராஜ் கல்லூரி மாணவி சரிகா ஷா, கல்லூரிக்கு அருகே ஆட்டோவில் வந்தவர்களின் ஈவ் டீசிங்கில் கீழே விழுந்து பலத்த காயமடைந்து இறந்தார். அரசு உடனே அவசரச் சட்டம் போட்டது. அதுவே இன்று பெண்களுக்கு எதிரான துன்புறுத்தல் தடைச் சட்டமாக நிற்கிறது. சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பிறகு, 2025 ஜனவரியில் சட்டமன்றம் இதன் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

மாப்பிள்ளையூரணி போன்ற ஊர்களுக்கு இந்தச் சட்டம்தான் மிக நெருக்கமானது. தூத்துக்குடி மாநகராட்சியை ஒட்டியுள்ள இந்த ஊராட்சியிலிருந்து தூய மரியன்னை, ஏ.பி.சி. மகாலட்சுமி, வ.உ.சி., காமராஜ் எனப் பல கல்லூரிகளுக்குப் பிள்ளைகள் டவுன் பஸ்ஸில் போய்வருகிறார்கள். உப்பளத்துக்கும் கடலுக்கும் வேலைக்குப் போகிறவர்கள் விடியுமுன்பே கிளம்பிவிடும் கடற்கரை இது. பல வீடுகளில் கல்லூரி வாசலை மிதிக்கும் முதல் தலைமுறை இவர்கள். 2021இல் தொடங்கிய கட்டணமில்லாப் பயணமும், 2022 முதல் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்த பெண்களைக் கல்லூரிவரை கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும், நெரிசலில் நிற்கும் நேரமும், இருட்டிய பிறகு நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்கும் நேரமும்தான் இவர்களுக்கு ஆபத்தான பொழுது.

பஸ்ஸில் ஒரு பெண்ணுக்குத் தொல்லை நேர்ந்து அவர் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய்த் தகவல் தர வேண்டும் என்கிறது 1998 சட்டம். இது அவர்கள் மனம் வைத்துச் செய்யும் உதவி அல்ல, கடமை. இந்த ஒரு விதியை ஒவ்வொரு பேருந்திலும் எழுதி ஒட்டினாலே பாதித் தொல்லை குறையும்.

சட்டம் வேலைசெய்வதையும் சறுக்குவதையும் ஒரே வழக்கில் காட்டியது அண்ணா பல்கலைக்கழகச் சம்பவம். 2024 டிசம்பர் 23 இரவு, கிண்டி வளாகத்துக்குள் நுழைந்த வெளியாள் ஒருவர், நண்பருடன் இருந்த மாணவியைப் படமெடுத்து மிரட்டிப் பாலியல் வன்கொடுமை செய்தார். மாணவி மறைக்கவில்லை, மறுநாளே புகார் கொடுத்தார். அதனால்தான் அந்த ஆள் விரைவில் பிடிபட்டார். சென்னை மகளிர் நீதிமன்றம் 2025 மே 28இல் அவரைக் குற்றவாளி என அறிவித்து, ஜூன் 2இல் 30 ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதித்தது. அரை ஆண்டுக்குள் தீர்ப்பு என்பது நம் நாட்டில் அரிது.

ஆனால் இடையில் அந்த மாணவியின் அடையாளம் அடங்கிய முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது. சென்னை உயர் நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரவும் உத்தரவிட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவுப்படி குற்றம். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அடுத்த குழுவுக்கு அனுப்புகிறவருக்கும் இது பொருந்தும்.

மிரட்டுகிறவர்கள் எல்லோரும் நம்பியிருப்பது ஒன்றைத்தான்: இந்தப் பெண் வீட்டில் சொல்லமாட்டாள். அந்த நம்பிக்கைக்குக் காரணமும் இருக்கிறது. வீட்டில் சொன்னால் முதலில் நிற்பது படிப்பு. ‘போதும், இனிமே போக வேண்டாம்’ என்ற ஒரு சொல்லில் மூன்றாண்டு உழைப்பு போய்விடும், அடுத்து கல்யாணப் பேச்சு வரும் என்று மாணவிக்குத் தெரியும். ஆகவே அவள் வழியை மாற்றிக்கொள்கிறாள், பஸ்ஸை மாற்றிக்கொள்கிறாள், வாயைத் திறப்பதில்லை. ஆண் பிள்ளைகளின் கதையும் இதற்குத் தொலைவில் இல்லை. ராகிங்கில் அடிபட்டதை வீட்டில் சொல்ல வெட்கப்பட்டு விடுதியைவிட்டே ஓடிவருகிறவர்கள் உண்டு.

கல்லூரிக்குள் நடக்கும் பாலியல் தொல்லைக்கு 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். பேச்சுவழக்கில் இதை விசாகா கமிட்டி என்கிறார்கள். மூத்த பெண் ஒருவர் தலைமை தாங்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப்பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒருவர் இடம்பெற வேண்டும். மாணவர் தொடர்பான புகார் என்றால் மாணவர் பிரதிநிதிகளும் உண்டு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தர வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் கிடைக்கும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். காகிதத்தில் மட்டும் குழு வைத்திருக்கும் கல்லூரியில் மாணவிகளுக்கு உறுப்பினர்களின் பெயர்கூடத் தெரியாது. குழு உயிரோடு இருக்கிறதா என்று அறிய இதைவிட எளிய சோதனை இல்லை.

கைப்பேசி வழியே வரும் ஆபத்து இப்போது மற்ற எல்லாவற்றையும்விட வேகமாகப் பரவுகிறது. படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்கக் கூடாது; கொடுத்தால் கேட்பது கூடும். உரையாடலை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு, 1930 என்ற எண்ணிலோ தேசிய சைபர் குற்ற இணையதளத்திலோ புகார் தர வேண்டும். இணையத்தில் பின்தொடர்ந்து தொல்லை தருவதும் சட்டப்படி குற்றமே. கமிஷன் ஆசைகாட்டி மாணவர்களின் வங்கிக் கணக்கை வாடகைக்குக் கேட்கிறவர்களிடம் எச்சரிக்கை வேண்டும். அந்தக் கணக்கில் மோசடிப் பணம் வந்து போனால் முதலில் விசாரிக்கப்படுவது கணக்குக்கு உரியவர்தான்.

அவசரத்துக்கு 112, பெண்களுக்கு 181. தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குத் தெரிந்துவிடும். ‘இது எங்கள் எல்லை இல்லை’ என்று எந்தக் காவல் நிலையமும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, குற்றம் எங்கே நடந்திருந்தாலும் புகாரைப் பதிவுசெய்யச் சொல்கிறது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் தனியே எடுத்துவைப்பது வழக்குக்குப் பெரிய துணை.

இத்தனை வழிகளும் திறப்பது, நடந்ததை அந்தப் பிள்ளை யாரிடமாவது சொன்ன பிறகுதான். கல்லூரியில் சேர்க்கும் அன்றே பெற்றோர் இரண்டு காரியங்களைச் செய்துவிட வேண்டும். உள்ளகப் புகார் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், அவர்களை எந்த எண்ணில் அழைப்பது என்று அலுவலகத்தில் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். எது நடந்தாலும் உன் படிப்பை நிறுத்தமாட்டோம் என்று பிள்ளையிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.