உடலில் ஆக்சிஜன் ஏன் அதிகம்?

70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் ஏறத்தாழ 45 கிலோ ஆக்சிஜன்தான். அவ்வளவும் மூச்சில் இழுத்த காற்றா? இல்லை.

உடல் எடையில் சுமார் 60 சதவீதம் தண்ணீர். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள், ஒரு ஆக்சிஜன் அணு. ஆக்சிஜன் அணு ஹைட்ரஜன் அணுவைவிட ஏறக்குறைய 16 மடங்கு கனம். அதனால் எண்ணிக்கையில் ஹைட்ரஜன் முந்தினாலும், எடையில் ஆக்சிஜனுக்கே முதலிடம். அடுத்தது கார்பன், 18 சதவீதம்; புரதம், கொழுப்பு, மரபணு எல்லாவற்றுக்கும் அதுவே சட்டகம்.

அளவு குறைந்தால் அவசியமும் குறைந்துவிடுமா? இரும்பு சுமார் 4 கிராம்தான். ஹீமோகுளோபினில் ஆக்சிஜனைப் பிடித்துச் சுமப்பது அதுதான். அயோடின் இன்னும் சொற்பம், சுமார் 20 மில்லிகிராம். உணவில் அது போதாவிட்டால் தைராய்டு சுரப்பி வீங்கிக் கழுத்தில் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் பாதிக்கப்படும். சமையல் உப்பில் அயோடின் சேர்ப்பது இதற்காகத்தான்.