ஆணி அடிக்காத செருப்பு



கோலாப்பூர் செருப்பை நம்மில் பலர் கண்காட்சிக் கடைகளில் பார்த்திருப்போம். பழுப்பு நிறம், தட்டையான அடி, கட்டைவிரலுக்கு ஒரு வளையம். பேருதான் கோலாப்பூர். மகாராஷ்டிராவில் 4 மாவட்டம், கர்நாடகாவில் 4 மாவட்டம் என இரண்டு மாநிலத்திலும் செய்கிறார்கள். 2019-ல் கிடைத்த புவிசார் குறியீடும் இந்த 8 மாவட்டங்களுக்கும் சேர்த்துத்தான். கர்நாடகாவின் பெல்காம் மாவட்டத்தில் அதணி என்ற ஊர் இதற்குப் பேர் போனது.

கல்லும் முள்ளுமான காட்டில் நடக்கிறவர்களுக்காக வந்த செருப்பு. அதனால் அடி கனமாக இருக்கும். தோலைக் கருவேலம் பட்டை, கடுக்காய் ஊறிய தண்ணீரில் நாள்கணக்கில் போட்டுப் பதப்படுத்துவார்கள். நம்ம பக்கம் ஆவாரம் பட்டை போட்டுச் செய்தார்களே, அதே வழிதான். பிறகு தோலை அடுக்கி, ஆணி இல்லாமல் தோல் வாராலேயே தைக்கிறார்கள்.

யாருக்கு என்ன வேலை? அடித்தோல் வெட்டுவது ஆண்கள். மெல்லிய வாரைச் சடை மாதிரி பின்னுவது, மேல்வார் தைப்பது, பூ வேலை செய்வது பெண்கள். சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவில், வீட்டிலேயே உட்கார்ந்து செய்கிற வேலை. அதனாலேயே அதை யாரும் வேலை என்று எண்ணவில்லை. காசு ஆம்பளை கைக்குப் போகும், பாதி வியாபாரியிடம் வாங்கிய முன்பணத்துக்குக் கழியும். நாம் ஊறுகாய்க்கு விலை போடும்போது எண்ணெய், மிளகாய் எல்லாம் எழுதுகிறோம். நம் கூலியை எழுதுகிறோமா?

1990-களின் கடைசியில் அதணிப் பெண்கள் சுய உதவிக் குழுக்களாகச் சேர்ந்தார்கள். 'டோஹோல்ட்' என்ற பெயரில் தாங்களே ஆர்டர் எடுத்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். பணம் குழுவுக்கு வந்தது. சும்மா வந்துவிடவில்லை. கண் அளவில் செய்து பழகிய கை, ஒரே அளவில் நூறு ஜோடி செய்யக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சென்னை அடையாற்றில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் இந்தத் தொழிலை மேம்படுத்த உதவியது.

2025 ஜூனில் இத்தாலியின் பிராடா கம்பெனி இதே மாதிரி செருப்பை மிலன் நகர மேடையில் காட்டியது, எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல். எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் இந்தியக் கைவினையைப் பார்த்துச் செய்தது என ஒத்துக்கொண்டது.

வாங்கினால் மழையில் போடாதீங்க. நனைந்தால் நிழலில் உலர்த்தி, லேசாக எண்ணெய் தடவுங்க. கடையில் முதலில் செருப்பைத் திருப்பிப் பாருங்க: அடியில் ஆணி தெரிந்தால் அது கோலாப்பூர் வேலை இல்லை.